அடைபட்ட வீட்டிலிருந்து எழுந்த எழுத்து: பேகம் ருகையா

இன்றைய பங்களாதேசின் வடக்கே, ரங்க்பூர் மாவட்டத்தில் பைராபந்த் என்றொரு கிராமம் இருக்கிறது. 1880 ஆம் ஆண்டில் அங்கே ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பெண் குழந்தையொன்று பிறந்தது. வங்காளிகள் அப்பெயரை ரொக்கேயா என்று உச்சரிப்பார்கள். எங்கள் வீடுகளில் அதே பெயர் ருகையா என்று வழங்குவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ருகையாவின் தந்தை படித்தவர், பல மொழிகள் தெரிந்தவர். ஆண் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி கற்பித்தவர். ஆனால் அவருடைய கல்வி பெண் பிள்ளைகளின் அறை வாசலோடு நின்றுவிட்டது. அக்காலத்து வங்காளத்தில் அந்தஸ்துள்ள முஸ்லிம் குடும்பப் பெண்கள் குர்ஆனை ஓதக் கற்றார்கள், பொருள் கற்கவில்லை. கொஞ்சம் உருது, கொஞ்சம் பாரசீகம் தெரிந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். வங்காளம் குடியானவர்களின் பாஷை என்றும் ஆங்கிலம் அந்நியரின் பாஷை என்றும் விலக்கப்பட்டிருந்தன. தன்னைச் சுற்றிலும் ஊர் முழுவதும் பேசுகின்ற மொழியை ஒரு பிள்ளை எழுதப் படிக்கக் கூடாது என்பது எவ்வளவு வினோதமான தடை!

ருகையாவுக்கு ஐந்து வயதாகும்போதே பர்தா தொடங்கிவிட்டது. ஆண்களிடமிருந்து மட்டுமல்ல, வீட்டுக்கு வருகின்ற பழக்கமில்லாத பெண்களிடமிருந்தும் மறைய வேண்டும். ஒருமுறை வெளியூர்ப் பெண்கள் சிலர் வந்து நாட்கணக்கில் தங்கிவிட்டார்கள். அவர்கள் வீடு முழுக்கத் திரிந்ததால் அந்தச் சிறுமி மேல்மாடி அறையொன்றில் சரியான சாப்பாடில்லாமல் ஒளிந்து கிடந்தாள். ஐம்பது வயதுக்குக் கிட்டிய காலத்தில்தான் இதை அவர் எழுதினார். எழுதும்போது அழவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூத்த சகோதரி கரீமுன்னிஸாவுக்கு ஏற்பட்ட கதி ருகையாவின் மனதில் ஆழப் பதிந்திருந்தது. தம்பிமார் படிப்பதைக் காதால் கேட்டு, மண்ணில் கீறி எழுத்துக் கற்றவர் அவர். வங்காளம் வாசிக்கிறார் என்பது தெரிந்ததும் உறவினர்கள் முணுமுணுத்தார்கள். படிப்பு நிறுத்தப்பட்டது, பதினைந்து வயது நிரம்புவதற்குள் திருமணமும் முடிந்தது. அப்படியிருந்தும் அவர் பிற்காலத்தில் கவிதை எழுதினார். தங்கைக்கு வங்காள மொழியில் ஊக்கம் கொடுத்தவரும் அவரே. ஆங்கிலம் தந்தவர் மூத்த சகோதரர் இப்ராஹீம். வீட்டார் உறங்கிய பின், இரவில், மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். நானாமார் உள்ள வாசகிகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கலாம். பகலில் கற்பித்திருந்தால் அது வெறும் பாடம். இரவில் ஒளித்துக் கற்பித்ததால், எழுத்து என்பது விலக்கப்பட்ட பொருள் என்பதையும் அந்தப் பிள்ளை சேர்த்தே கற்றுக்கொண்டது.

ஏறத்தாழ என் வயதில் ருகையாவுக்கு நிகாஹ் நடந்தது. மாப்பிள்ளை சையத் சகாவத் ஹுசைன், பீஹாரில் பாகல்பூரில் துணை மஜிஸ்திரேட்டாக இருந்தவர். மனைவியை இழந்தவர், ஒரு மகளுக்குத் தந்தை, வயதிலும் மிக மூத்தவர். இவ்வளவையும் வாசித்தவுடன் அடுத்து ஒரு துயரக் கதையைத்தான் நாம் எதிர்பார்ப்போம். அது நடக்கவில்லை. இங்கிலாந்து சென்று படித்து வந்த சகாவத், உருது பேசும் குடும்பத்தவராக இருந்தும், மனைவியை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார். இருவருக்கும் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே வபாத்தாகிவிட்டன. ருகையா இதைப் பற்றி அதிகம் எழுதியவர் அல்லர்.

1902 இல் அவருடைய முதலாவது படைப்பு கல்கத்தாச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. தொடர்ந்து கட்டுரைகள். அவற்றின் முதல் தொகுதிக்கு 'மோதிசூர்' என்று பெயர். அது ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயர். உள்ளே இருப்பதோ கசப்பு. பெண்கள் ஆசையோடு அணியும் ஆபரணங்கள் உண்மையில் அடிமைத்தனத்தின் அடையாளங்கள் என்று ஒரு கட்டுரையில் வாதாடுகிறார். கைதிக்கு இரும்பு விலங்கு, நமக்குத் தங்க வளையல் என்பது அவருடைய ஒப்பீடு. கல்யாண வீட்டில் இதைப் படித்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்!

'அர்தாங்கி' என்ற கட்டுரை எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு சில்லு பெரிதாகவும் மறு சில்லு சிறிதாகவும் உள்ள வண்டி முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றும் என்று காட்டுகிறார். பிறகு சொத்துப் பங்கீட்டுக்கு வருகிறார். ஷரீஅத்தின்படி மகனின் பங்கில் பாதி மகளுக்கு உரியது. சரி, மகனுக்கு நான்கு ஆசிரியர்களை வைக்கும் தகப்பன் மகளுக்கு இரண்டு பேரை வைக்கிறாரா, மகன் மூன்று பரீட்சை சித்தியடைந்தால் மகளை ஒன்றரைப் பரீட்சைக்காவது அனுப்புகிறாரா என்று கணக்குக் கேட்கிறார். மார்க்கம் கொடுத்ததைக்கூட மனிதர் தரவில்லை என்பதே அவருடைய வழக்கு. பெண்ணின் உரிமையைக் கேட்பவரை மார்க்க விரோதி என்று சொல்லி மூலையில் உட்காரவைக்க இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆனாலும் ஆரம்பத்தில் அவர் இதைவிடக் காரமாக எழுதியிருக்கிறார். ஆபரணங்களைப் பற்றிய அந்தக் கட்டுரை முதலில் சஞ்சிகையில் வந்தபோது, சமயத்தின் பெயரால் ஆண்கள் பெண்களை அடக்கி வைத்தார்கள் என்ற பகுதி அதில் இருந்தது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. நூலாக வெளியிடும்போது ஐந்து பத்திகள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றில் இருந்த எல்லாவற்றையும் நான் ஏற்பவள் அல்லள். ஆனால் ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து பத்திகள் காணாமற்போவதும் அந்தக் கட்டுரையின் வரலாறுதான். அடக்குமுறை பற்றிய ஓர் எழுத்து அடக்கப்பட்ட விதத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1905 இல் வெளியான 'சுல்தானாவின் கனவு' அவருடைய பெயரை உலகம் முழுவதும் கொண்டுசென்றது. வங்காளத்தில் அல்ல, ஆங்கிலத்தில் எழுதினார். வெளியிட்டது சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் சஞ்சிகை. கணவர் வேலை நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாட்களில், பொழுது போக்காக எழுதிய கதை அது. திரும்பி வந்த சகாவத், உட்காரவும் இல்லாமல் நின்றபடியே வாசித்து முடித்து, இது பயங்கரமான பழிவாங்கல் என்று வியந்தாராம்.

கதையில் சுல்தானா சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்கிறாள். கண்ணயர்ந்த வேளையில் சாரா என்னும் தோழி வந்து அழைத்துச் செல்கிறாள். போய்ச் சேர்ந்த பெண்ணாட்டில் ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள்; பெண்கள் வெளியே உலாவுகிறார்கள். பல்கலைக்கழகப் பெண்கள் மேகத்திலிருந்து நேரே நீர் எடுக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்து அதில் சமைக்கிறார்கள். சமையலறையில் புகையும் இல்லை, கரியும் இல்லை. அயல்நாட்டான் படையெடுத்து வந்தபோது ஆண்களின் சேனை தோற்றது. பெண்கள் சூரியக் கதிரைத் திருப்பி விட்டே எதிரியை ஓடவைத்தார்கள். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். ஆண்கள் காரியாலயத்தில் உட்கார்ந்து சுருட்டுப் புகைப்பதிலேயே நேரத்தைக் கழித்தார்கள், பெண்கள் இரண்டு மணித்தியாலத்தில் அதே வேலையை முடிக்கிறார்கள் என்று ஒரு குட்டும் இருக்கிறது. கடைசியில் பறக்கும் வண்டியிலிருந்து வழுக்கி விழுந்து, சுல்தானா தன் கதிரையில் விழித்துக்கொள்கிறாள்.

இதைச் சிலர் ஆண்களை வெறுக்கும் கதை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆணை ஸெனானாவுக்குள் வைத்துப் பார்த்தால்தான், பெண்ணை அங்கே வைத்திருப்பது எவ்வளவு விசித்திரம் என்று கண்ணுக்குத் தெரியும். பழக்கப்பட்ட அநியாயம் அநியாயமாகத் தெரிவதில்லை. இடத்தை மாற்றிப் போட்டவுடன் தெரிகிறது. ஒரு கண்ணாடியைப் பிடித்து ருகையா காட்டினார். கண்ணாடியில் வலது இடதாகத்தானே தெரியும்?

1909 மே மாதம் சகாவத் காலமானார். பெண்கள் பாடசாலை ஒன்றுக்காக அவர் 10,000 ரூபா ஒதுக்கி வைத்திருந்தார். அந்த ஆண்டு ஒக்டோபரில், கணவரின் பெயரிலேயே, பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு ருகையா பாடசாலையைத் தொடங்கினார். ஆனால் கணவரின் முதல் மனைவியின் மகளுடனும் மருமகனுடனும் சொத்துத் தகராறு ஏற்பட, அந்த ஊரையே விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார். 1911 மார்ச் 16 ஆம் திகதி வலியுல்லாஹ் ஒழுங்கையில் ஒரு சிறிய வீட்டில், எட்டு மாணவிகளோடு சகாவத் ஞாபகார்த்தப் பெண்கள் பாடசாலை மீண்டும் ஆரம்பமானது.

தாம் ஒரு நாள்கூட வகுப்பறையில் அமர்ந்து படித்திராத ஒருவர் பாடசாலை நடத்த முன்வந்தார்! அதற்காகக் கல்கத்தாவின் வேறு பெண்கள் பாடசாலைகளுக்குப் போய், வகுப்பு எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துப் பழகினார். வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரிடம் மன்றாடினார். இளம் விதவை என்பதால் அவதூறும் கிளம்பியது. வங்காள மொழிக்காக அவ்வளவு வாதாடியவர், கல்கத்தாவின் மேற்குடி முஸ்லிம்கள் உருதுவையே விரும்பியதால், பாடசாலையை முதலில் உருது மொழியில் நடத்த வேண்டியதாயிற்று. 1915 அளவில் மாணவிகள் எண்பதைத் தாண்டினர்.

பிள்ளைகளை ஏற்றிவர மோட்டார் பஸ் ஒன்று வந்த கதையை அவரே எழுதிவைத்திருக்கிறார். பர்தா கெடாமல் இருக்க அந்த வண்டியை நாலு பக்கமும் மூடினார்கள். காற்றுக்காக மேலே ஒரு சிறு இடைவெளி மட்டும். உள்ளே கும்மிருட்டு. பிள்ளைகள் பயந்து அழுதார்கள், வாந்தியெடுத்தார்கள், சிலர் மயங்கினார்கள். பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள். அதன் பின் அடைப்பைக் கழற்றித் திரைச்சீலை தொங்கவிட்டார்கள். அப்போது வேறு கடிதங்கள் வந்தன. ஒன்று ஆங்கிலத்தில், மற்றவை உருதுவில். காற்றில் திரை பறக்கிறது, பிள்ளைகளின் பர்தா போய்விட்டது, திருத்தாவிட்டால் பத்திரிகைகளில் எழுதிப் பாடசாலையின் பெயரைக் கெடுப்போம் என்று மிரட்டல். மூடினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், திறந்தால் பாடசாலைக்கு மூச்சு முட்டும். காலையில் கடைசி ஆசனத்துக்காக வானுக்குள் சண்டை பிடிக்கும் நாங்கள், யன்னலோரம் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பதேயில்லை.

இந்தக் கதை இடம்பெறும் நூல் 1931 இல் வெளிவந்த 'அவரோத்பாசினி'. அடைபட்டு வாழ்பவள் என்று பொருள் கொள்ளலாம். சின்னஞ் சிறிய நாற்பத்தேழு சம்பவங்கள். 'சுல்தானாவின் கனவு'தான் அவருடைய சிறந்த படைப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இந்த நூலைத்தான் மேலே வைப்பேன். கனவில் கற்பனை இருக்கிறது. இதில் நடந்தது மட்டுமே இருக்கிறது. ஒரு வீடு தீப்பற்றுகிறது. வீட்டுப் பெண் நகைப் பெட்டியோடு வாசலுக்கு வருகிறாள். முற்றத்தில் அந்நிய ஆண்கள் தீயணைப்பதைக் கண்டு மறுபடி உள்ளே போய்க் கட்டிலின் கீழ் ஒளிகிறாள். அங்கேயே எரிந்து போகிறாள். இன்னொன்று கியூல் புகையிரத நிலையத்தில் நடந்தது. ருகையாவின் கணவருக்கு உறவான ஒரு பெண் வண்டி மாறும்போது, புர்கா காலில் தடக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டார். உதவ ஓடிவந்த ஆண்களைத் தொட வேண்டாம் என்று பணிப்பெண் தடுத்தாள். அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. புகையிரதம் காத்து நின்று பார்த்துக் கடைசியில் புறப்பட்டது.

இந்தச் சம்பவங்களை அவர் ஒரு சிரிப்புக் கதை சொல்கிற குரலில் சொல்கிறார். விளக்கவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. ஒரு சம்பவத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அநியாயத்தை எழுதும்போது நாம் சாதாரணமாகக் கண்ணீரையும் வியப்புக் குறிகளையும் அள்ளிப் போடுவோம். அழுகிற எழுத்தாளரோடு சேர்ந்து அழுதுவிட்டு வாசகர் மனப்பாரம் குறைந்து எழும்பிப் போகலாம். சிரித்துக்கொண்டு சொல்பவரிடம் அது முடியாது. சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறோம். பாரம் எங்களிடமே இருந்துவிடுகிறது.

இவ்வளவு எழுதியவர் பர்தாவுக்கு எதிரியா என்று கேட்டால், இல்லை. வெளியே போகும்போது அவர் புர்கா அணிந்தே போனார். புர்காவை ஆதரித்து ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். அடக்கமான ஆடை வேறு, ஆளை அடைத்து வைப்பது வேறு என்பது அவர் நிலை. அவர் சாடியது இரண்டாவதை. இன்று எழுதுகிறவர்கள் சிலர் இதை ஒரு சமரசம் என்று குறை சொல்கிறார்கள். இன்னும் சிலர் அவருடைய புர்காவை மட்டும் காட்டிவிட்டு அவரோத்பாசினியை மறைத்துவிடுகிறார்கள். இரு சாராரும் அவரை முழுதாக வாசிக்கவில்லை என்பது என் எண்ணம். முகம் தெரிய அவர் கல்கத்தா வீதியில் நடந்திருந்தால் அடுத்த நாள் அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள்? ஒரு தகப்பனின் கோபம் ஒரு பிள்ளையின் படிப்பு. அந்த விலையை மற்றவர் பிள்ளைகளைக் கொண்டு கட்ட அவர் விரும்பவில்லை என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

அடக்குமுறை நம் சமூகத்துக்கு மட்டும் உரியது என்றும் அவர் நினைக்கவில்லை. மேரி கொரெல்லி என்ற ஆங்கில நாவலாசிரியை, டெலீஷியா என்னும் எழுத்தாளப் பெண்ணைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தார். டெலீஷியா உழைத்துச் சம்பாதிக்கிறாள்; கணவன் அதில் உல்லாசமாக வாழ்ந்து அவளுக்குத் துரோகமும் செய்கிறான். ருகையா அந்தக் கதையைச் சுருக்கி எழுதி, அவளுக்குப் பக்கத்தில் நம் நாட்டுப் பெண்ணொருத்தியை மஸ்லூமா என்ற பெயரில் நிறுத்தினார். அநியாயம் இழைக்கப்பட்டவள் என்பது அப்பெயரின் பொருள் என்று அரபு படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுகின்ற இனத்துப் பெண்ணும் ஆளப்படுகின்ற இனத்துப் பெண்ணும் ஒரே தட்டில் வந்துவிட்டார்கள். நாட்டு விடுதலையைப் பற்றியும் எழுதினார். நோயுற்ற தாய் ஒருத்திக்காக விடுதலைக் கனியைக் கொண்டுவர ஆண் மக்கள் போகும் ஓர் உருவகக் கதை அது. பெண் மக்களை விட்டுவிட்டுப் போனால் காரியம் ஆகாது. இந்தியா சுதந்திரத்துக்காகப் போராடிய காலத்தில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

1924 இல் வந்த 'பத்மராக்' நாவலை அண்ணன் இப்ராஹீமுக்குச் சமர்ப்பித்தார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் ஒன்றாக வேலை செய்து வாழும் இல்லம் ஒன்று அதில் வருகிறது. கதாநாயகி சித்தீக்காவைக் கைவிட்ட கணவன் மனம் மாறி வந்து நிற்கிறான். அவள் அவனோடு போகவில்லை. நாவலாகக் கொஞ்சம் தொய்வுதான், தற்செயல் சந்திப்புகள் மிகுதி. ஆனால் அந்த மறுப்புக்காக அதை வாசிக்கலாம்.

1916 இல் அவர் தொடங்கிய அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் என்ற மாதர் சங்கம் ஏழைப் பெண்களுக்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்பித்தது. 1926 இல் வங்காளப் பெண்கள் கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சங்கம், பாடசாலை, கணக்குப் புத்தகம், பெற்றோர் சந்திப்பு எல்லாம் முடிந்த பின்னரே எழுத உட்கார்ந்தார். சிறுவயதில் படித்ததும் இரவில், பெரியவளாகி எழுதியதும் இரவில்.

1932 டிசம்பர் 8 ஆம் திகதி இரவும் எழுதிக்கொண்டிருந்தார். பெண்ணின் உரிமை என்று தலைப்பிட்ட கட்டுரை. மறுநாள் அதிகாலையில் வபாத்தானார். வயது ஐம்பத்திரண்டு. கட்டுரை முடிவுறாமல் மேசையில் இருந்தது.

பங்களாதேசில் டிசம்பர் 9 ருகையா தினம். ரங்க்பூரில் அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளோடு தொடங்கிய கல்கத்தாப் பாடசாலை அரசாங்கப் பாடசாலையாகி இன்றும் நடக்கிறது. அவரை அடக்கம் செய்தது நகருக்கு வடக்கே சோதேப்பூர் என்ற இடத்தில். நெடுங்காலம் அந்தக் கப்ர் இருந்த இடம் மறந்துபோயிருந்தது. இப்போது அந்த வளவுக்குள் ஒரு பெண்கள் பாடசாலை நடக்கிறது.